டோட்டர்ஸ் என்றொரு கட்டளை இல்லையாம்

வாப்பா,

இன்று காலை புதுப் பிரிண்டரிலிருந்து முதல் பில் வந்தது. தலைப்பில் உங்கள் பெயர் மட்டும் நின்றது. பின்னால் மகள்மார் எங்களைச் சொல்லும் "& டோட்டர்ஸ்" இல்லை. கம்ப்யூட்டர் திரையில், டோட்டர்ஸ் என்றொரு கட்டளை கிடையாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பில் அடிக்கச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்கிரிப்டை எழுதியது நான்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்முனையில் நீங்கள் மோட்டார் சைக்கிள் பாட்ஸ் கடை திறந்தபோது, பெயர்ப்பலகை எழுத வந்தவர், "சன்ஸ் தானே ஹாஜியார்?" என்று இரண்டாம் தரமும் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். "எனக்கு எங்க மகன்? இரிக்கிற ரெண்டு பேரையும் எழுதுங்க." மூத்தவள் ராத்தாவும் நானும் பாடசாலைச் சீருடையோடு செயின் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஊர் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? பிரேக் ஷூ வாங்க வந்தவர்கள், "பொம்புளப் புள்ளயளுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். "கேட்டுப் பாருங்களன்," என்று எங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவீர்கள்.

நீங்கள் வபாத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, உங்கள் தம்பி, எங்கள் சாச்சா, அந்தப் பலகையைப் பற்றி மெல்லக் கதைக்கத் தொடங்கினார். இன்றைக்கு இந்த பில்லைக் கண்டதும் அவருக்கு வசதியாகிவிட்டது.

"இது நல்லாத்தானே இரிக்கி. போர்டையும் இப்பிடியே மாத்தினா ஒரு கரைச்சலும் இல்ல, மகள்."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். & குறியைக் கண்டால் அது, கட்டளை அதோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை வேறொரு கட்டளையாக நினைத்துத் தேடுகிறது. அந்தக் குறிக்கு முன்னால் \ என்று ஒரு சாய்ந்த கோடு போட்டால் போதும்: இதுவும் பெயர்தான், இதில் உன் வேலையைக் காட்டாதே என்று சொன்னதாகிவிடும். போட்டேன். பெயர் முழுதாக வந்தது. பொத்துவிலுக்குப் போகும் பார்சலில் அந்த பில்லை ஒட்டினேன்.

"அப்ப போர்டு?" என்றார் சாச்சா.

"மாத்த மாட்டம், சாச்சா. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இரிக்கம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பவும் வருவார், வரட்டும். நீங்கள் என்றால் ஒரு பகிடி விட்டு அவரையும் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பீர்கள். எனக்கு அது வரவில்லை, வாப்பா. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.