லிஃப்ட் அறிக்கையும் என் கண்ணீரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீ நம்பமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

நான் கண்ணீரோடு நிற்கிறதைப் படம்பிடித்துக் கீழ்வீட்டு டீச்சர் அனுப்பிய போட்டோவைப் பார்த்துப் பதறிப்போய், வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று போனில் உத்தரவு போட்டாய், பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நடந்தது இதுதான். குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் என்ற முறையில் லிஃப்ட் பழுதுபார்த்த அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தேன், தலைக்கு நேர் மேலே ஃபேன், இரண்டாம் பக்கம் போவதற்குள் எழுத்தெல்லாம் கலங்கி, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டிவிட்டது. கயிறு தேய்ந்தது, கதவு மாட்டிக்கொண்டது என்று வாசிக்கிற மனிதன் எதற்கு அழப்போகிறான்? ஆனால் டீச்சர் எழுந்து, வீட்டம்மா போனதுலேருந்து எல்லாத்தையும் மனசுலயே வச்சிருக்காரு பாவம் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார், மூன்றாம் மாடி பல் டாக்டர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவரே வாசித்தார், கடைசியில் செயலாளர் வேலையிலேருந்து சாருக்கு ஓய்வு குடுத்துடலாம் என்று ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கைதட்டியும் முடித்துவிட்டார்கள்.

மறுநாளே கண் டாக்டரம்மாவிடம் போனேன். கண் காய்ந்துபோயிருக்கிறதாம். காய்ந்த கண்ணில் எப்படித் தண்ணீர் கொட்டும் என்று சண்டைக்கே போய்விட்டேன். உறுத்தல் தாங்காமல் கொட்டுவதுதான் அது, படிக்கும்போது இமைக்கவே மறந்துடறீங்க, கண்ண முழுசா மூடித் திறங்க சார் என்றார். உண்மைதான், காலையில் பேப்பரில் முதல் செய்தி பளிச்சென்று இருக்கும், தலையங்கத்துக்கு வருவதற்குள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மூளைதான் மழுங்குகிறதோ என்று பயந்து உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது பத்திக்குப் பத்தி கண்ணை மூடித் திறக்கிறேன், சொட்டு மருந்து சட்டைப் பையில் இருக்கிறது, நாற்காலியையும் ஃபேனுக்கு அடியிலிருந்து நகர்த்திவிட்டேன். டாக்டரம்மா சொன்ன, பேப்பரை வாசித்துக் காட்டும் ஆப்பையும் கேட்டுப் பார்த்தேன், குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்குப் பேப்பர் கையில் வேண்டும்.

உன் அம்மாவுக்காக நான் அழுதிருக்கிறேன், இப்போதும் சில நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். அதற்கு லிஃப்ட் அறிக்கை தேவையில்லை. அது வேறு, இது வேறு, இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு என்னை மூலையில் உட்காரவைக்க யாரையும் விடமாட்டேன், உன்னையும் சேர்த்துத்தான். உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, வருகிறேன், வந்து உன் கையால் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம் கூட்டச் சொல்லியிருக்கிறேன், அதே அறிக்கையை முதல் வரியிலிருந்து நானே வாசிக்கப்போகிறேன். நடுவில் நிறுத்தி மருந்து விட்டுக்கொள்வேன், காத்திருக்கட்டும், அந்த லிஃப்டுக்காக எவ்வளவோ நேரம் காத்து நின்றவர்கள்தானே!

நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டே இருக்காதே, இமைக்க மறக்காதே. நோய்நொடி இல்லாமல் மூவரும் நீடூழி வாழ என் ஆசிகள். இதைக் கையால் எழுதி, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தும் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இன்னமும் செயலாளர்)