நிலவறைக் கதவு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கம்பெனியில் ஒரு திகில் கம்ப்யூட்டர் விளையாட்டின் கதைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரிக்குள் பெரியவள் ஒருத்தி, சின்னவள் ஒருத்தி என்று இரண்டு நர்ஸ்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆடுபவர் ஒருத்தியைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றுகிறாரோ அதற்கேற்பக் கதை வேறு கிளையில் போகும், போனது போனதுதான். சோதனைப் பிரதி அனுப்பியிருக்கிறேன். பத்திரிகையில் கதை எழுதுகிறவள் நீ. ஓட்டை இருந்தால் உன் கண்ணுக்குத் தப்பாது.

உன் குட்டி

மார்ச் 19

குட்டிக்கு,

ஆடிப் பார்த்தேன். உன் மாமா என் பின்னால் நின்றுகொண்டு, "உன் தங்கச்சிக்கு என்ன மூளைடி!" என்று நாலு தரம் சொல்லிவிட்டார். என் கதை வந்த பத்திரிகை பிரிக்காமல் கிடக்கிறது. அதற்கு மட்டும் அவருக்கு நேரமில்லை.

பெரிய நர்ஸ் செத்தபோது எனக்குப் பயமே வரவில்லை. பெரியவள் என்றால் சிடுமூஞ்சியாகத்தான் இருக்க வேண்டுமா? மற்றபடி ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

விளையாட்டு வெளியானது. சின்ன நர்ஸைக் காப்பாற்றியவர்கள் எல்லாரும் நிலவறையில் சிக்கிக்கொண்டார்கள். கதவும் திறக்கவில்லை, கதையும் முடியவில்லை. மேனேஜர், "யாருமே ஆடிப் பாக்கலையா?" என்று கத்தினார். "என் தப்புதான் சார்" என்றேன். திருத்திவிட்டோம். ஆனால் அடுத்த கதை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

உன் குட்டி

மே 9

குட்டி,

அந்த நிலவறையில் நானும் மாட்டினேன். தாளில் குறித்தும் வைத்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது மாமா போனில் யாரிடமோ உன் பெருமை பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. 'அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட்டேன்.

மேனேஜருக்கு நான் எழுதட்டுமா? திட்டியாவது ஒரு வரி போடு.

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

மேனேஜருக்கு எழுத வேண்டாம். சோதனைப் பிரதியில் யார் எங்கே நின்றாலும் இங்கே பதிவாகும். விளையாட்டு வெளியான மறுநாள்தான் உன் பதிவைத் திறந்தேன். அந்தக் கதவை நீ பதினேழு தடவை தட்டியிருக்கிறாய். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். சொல்லிவிட்டாய், அந்த மட்டில் நிம்மதி.

அந்தப் பதிவை வெளியீட்டுக்கு முன்பே திறந்திருக்கலாம். ஓட்டை இல்லை என்று நீ எழுதிய பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதுவதை அனுப்பு, எப்போதும்போல் படிக்கிறேன். நான் எழுதுவதை இனி அனுப்ப மாட்டேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை