நாற்பத்தொன்றாம் சோதனைக்கு எதிரே

முதலில் வரிசை. வரிசை போடாமல் எனக்கு எதுவும் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

1. மூன்று நாட்களாக என் மேசையில் கிடக்கும் பழுப்பு உறை.
2. நாற்பத்தொன்றாம் சோதனையும் நான் ரப்பரால் அழித்த கேள்விக்குறியும்.
3. நீ செய்யாத தப்பை உன்னுடையது என்று சொன்னது.
4. வரப்பு.
5. இன்று பத்து மணிக்கு உன் மகள் கூப்பிடும்போது நான் சொல்ல வேண்டிய பதில்.

ஐந்தாவதற்கு என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டே போனால் கிடைக்கலாம் என்று ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

உறையைக் கொண்டுவந்தவள் உன் மகள்தான். காபி குடித்துவிட்டு, கிளம்பும்போது எடுத்து நீட்டினாள். "அப்பா பீரோவுல அடியில கெடந்துச்சு மாமா. நம்ம முதல் சிப்போட டெஸ்ட் ஷீட். கடைசியில உங்க கையெழுத்து இருக்கு." பெங்களூரில் கம்பெனிக்குப் புது அலுவலகம் திறக்கிறார்களாம். வாசலில் உன் படம். அதற்குக் கீழே அந்தத் தாளையும் முதல் சிப்பையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கப்போகிறாளாம். "ஒரு தடவ பாத்துட்டு, மாட்டலாமான்னு நீங்க சொல்லுங்க. வியாழக்கிழம பத்து மணிக்குக் கூப்பிடுறேன்."

உறையை வாங்கியதும் பூண்டு வாசம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை. கொடைக்கானல் கடைத்தெருவில், மலைப்பூண்டு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் மாடியை நாம் வாடகைக்கு எடுத்தபோது, கூடாது என்பதற்குப் பதினொரு காரணங்களை எழுதிக் கொடுத்தேன். வாசம் ஏழாவது. நீ முழுவதும் படித்துவிட்டுச் சிரித்தாய். "ஏலே லிஸ்ட்டு, கம்ப்யூட்டருக்கு மூக்கு கெடையாது. இங்க குளிருதுல்ல? ஏசி வாங்குற சோலி மிச்சம்."

கிட்டங்கிக்காரப் பாய் கீழேயிருந்து கேட்டார். "மேல என்ன யாவாரம் தம்பி?"

"படம் வரையிற சிப்பு பாய்."

"சிப்ஸா? நேந்திரமா, உருளையா? உருளைன்னா நானே மொத்தமா எடுத்துத் தர்றேன்."

கடைசிவரை அவருக்கு நாம் சிப்ஸ்காரர்கள்தாம். மாடியில் நாம் ஆறு பேர். நீ வடகவுஞ்சி விவசாய வீட்டுப் பிள்ளை. நான் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடைக்காரர் மகன். மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. நிரந்தரமான கல்லூரி வேலையை விட்டுவிட்டு உன் பின்னால் மலையேறியது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம். அதற்கும் முந்தின வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

இனி இரண்டாவது.

திரையில் எந்த உருவத்தைக் காட்ட வேண்டுமானாலும் அதைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துத்தான் நம் சிப் வரையும். முக்கோணத்துக்குள் விழும் புள்ளிகளுக்கு நிறம் தீட்டும். அந்தச் சிப்பை வடிவமைப்பது நீ. தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நான். வரைபடத்தைத் தைவானில் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் பிறகு ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. மூன்று மாதம் கழித்துச் சிப்பாகத்தான் திரும்பி வரும். ஆகவே அனுப்புவதற்கு முன் அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடவிட்டுப் பார்க்க அறுபது சோதனைகள் வைத்திருந்தேன். சரியென்றால் சோதனைத் தாளில் அதற்கு எதிரே பேனாவில் குறி. சந்தேகம் என்றால் பென்சிலில் கேள்விக்குறி. அதுதான் என் முறை.

நாற்பத்தொன்றாம் சோதனை எளிமையானது. இரண்டு முக்கோணங்களை ஒட்டவைத்து ஒரு சதுரம். அதைத் திரையில் வெவ்வேறு இடங்களில் வரைய வேண்டும். இடத்தைக் கம்ப்யூட்டரே குருட்டுவாக்கில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒரு மழை மத்தியானம், இரண்டு முக்கோணங்களும் சேரும் கோட்டில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. ஊசியால் குத்தியதுபோல. சதுரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வதற்குள் இடி இடித்துக் கரண்டு போய்விட்டது. கரண்டு வந்த பிறகு நான்கு தடவை ஓட்டினேன். நான்கு தடவையும் முழுச் சதுரம். திரையில் ஒட்டியிருந்த தூசியாக இருக்குமோ என்று நினைத்தேன். என் கண்ணாடியில் இருந்ததோ என்றும் நினைத்தேன். ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

அனுப்பும் நாள். வரைபடம் பதிந்த நாடாவோடு மதுரைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க ஸ்வெட்டரும் குல்லாயுமாக வந்து நின்றாய். அன்று அனுப்பாவிட்டால் தைவானில் அடுத்த முறை வர நான்கு மாதம் ஆகும். நம்மிடம் இருந்ததோ ஒரே ஒரு வாடிக்கையாளர். நான்கு மாதம் அவரும் காத்திருக்கமாட்டார், கம்பெனியும் இருக்காது. "வெரசாக் குடுடா, பஸ்ஸு போயிரும். எல்லாம் சரிதானே?"

உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கேள்விக்குறியை அழித்தேன். பேனாவில் சரி போட்டேன். கையெழுத்திட்டுத் தாளை உன்னிடம் கொடுத்தேன். "சரி" என்றேன்.

சிப் வந்தது. முதல் முக்கோணம் திரையில் விழுந்த அன்று பாய் கீழேயிருந்து எல்லோருக்கும் வடை அனுப்பினார். நீ கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடினாய். எனக்கு வடை இறங்கவில்லை.

அடுத்த வாரம் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஜவுளிக் கடைகளுக்காக, சேலையைப் பிரிக்காமலே கட்டினால் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தவர். நம் ஒரே வாடிக்கையாளர். திரையில் அரக்குச் சேலை ஒன்று திரும்பித் திரும்பி நின்றது. மடிப்பு மடிப்பாக, மடிப்போரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "ஏனுங்க, புதுச் சீலையப் பூச்சி அரிச்சுப்போட்டுதுங்களா?"

இரண்டு மடிப்பு எண்ணிவிட்டுத் திரும்பினார்.

"இதக் கொண்டுபோய்க் காட்டுனா கடைக்காரன் என்னையத் தொரத்திப்போடுவானுங்க. இதைய யாருங்க சோதிச்சது?"

நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"தப்பு என்னோடதுங்க. தெரிஞ்சேதான் அனுப்பினேன். பத்து நாள் குடுங்க."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சே அனுப்புனேன்னு சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க. பத்து நாளுதான். பதினொண்ணாவது நாளு நானு வேற ஆளப் பாத்துக்குவனுங்க."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டிருப்பேன்! எனக்காக நீ சொன்ன பொய் என்றே நினைத்தேன். நன்றி சொல்ல முடியவில்லை. நன்றி சொன்னால் எதற்கு என்று கேட்பாய்; அழித்ததைச் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் வடகவுஞ்சியிலிருந்து உன் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். நான் வரவில்லை என்றேன். "இங்க உக்காந்து நடுங்குறத அங்க வந்து நடுங்கு" என்று ஜீப்பில் ஏற்றினாய். உன் அண்ணனின் பீன்ஸ் காடு மேல்தட்டு. பக்கத்து வீட்டுக்காரருடையது கீழ்த்தட்டு. நடுவில் இருந்த வரப்பு மழையில் உடைந்து கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வரப்பு என்னோடது இல்லண்ணே. நான் எதுக்கு மண்ணு அணைக்கணும்?"

"அப்ப என்னோடதா? போன வருசம் அதுல புல்லு அறுத்தது யாரு?"

"புல்லு அறுத்தா வரப்பு எனக்கு ஆயிருமா? ஊருல கேளுங்க. மேல்காட்டுக்காரனுக்குத்தான் வரப்பு. உடைஞ்சா கட்டுறதும் அவன்தான்."

நீ சமாதானம் செய்துவைப்பாய் என்று எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீயோ அந்த உடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். "ஏலே லிஸ்ட்டு, நம்ம முக்கோணம் ரெண்டும் இதத்தான்டா சொல்லுது. நடுக்கோடு என்னோடது இல்லைன்னு இதுவும் விட்டுருது, அதுவும் விட்டுருது."

அதேதான். தன் கோட்டுக்கு உள்ளே விழும் புள்ளிக்கு மட்டும் ஒவ்வொரு முக்கோணமும் நிறம் தீட்டியது. சரியாகக் கோட்டின் மேலேயே விழும் புள்ளியை இரண்டும் தொடவில்லை. உன் அண்ணன், "இவன் என்னத்தப்பா பேசுறான்?" என்று என்னைக் கேட்டார். வரப்பை யார் கட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வந்த சிப்பை மாற்ற முடியாது. சிப்புக்கு முக்கோணங்களை அனுப்பும் மென்பொருளை மாற்றலாம். "எல்லாத்தையும் ஒரு நூல் தள்ளி வையிடா. எந்தப் புள்ளியும் கோட்டுல குந்தக்கூடாது." எட்டாம் நாள் சேலை முழுச் சேலையாக நின்றது. கோயம்புத்தூர்க்காரர் திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டாவது சிப்பில் விதியையே உள்ளே வைத்தாய்: இரண்டுக்கும் பொதுவான கோடு மேல் முக்கோணத்துக்குச் சேரும், நிமிர்ந்த கோடாக இருந்தால் இடப்பக்கத்துக்கு. அதற்கு 'வரப்பு' என்று பெயர் வைத்தாய். ஆறு பேர் அறுபது பேராகி, கம்பெனி மலையிறங்கிப் பெங்களூர் போய்விட்டது. அந்தப் பெயர் இன்னும் உள்ளே இருக்கிறதாம். "வரப்பு யாரு, பழைய இன்ஜினியரான்னு கேக்குறாங்க மாமா" என்று உன் மகள் சிரித்தாள்.

இரண்டாவது சிப் வேலை தொடங்கிய அன்று என் மேசையில் ஒரு பேனாவை வைத்தாய். "இனிமே பென்சில் கெடையாது. சந்தேகத்தையும் பேனாவுலயே போடு." பென்சில் குறி மங்கிவிடுகிறது என்பதால் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சிப் அனுப்பும்போதும் கேட்பாய்: "பென்சில்ல ஏதாவது இருக்கா?" எல்லோரும் சிரிப்பார்கள். போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டே கடைசியாக அதையே கேட்டாய். "இல்லடா" என்றேன். இருந்தது.

மணி ஒன்பது ஐம்பது. உறையைப் பிரித்துவிட்டேன்.

அழித்த இடத்தில் பென்சிலின் தடம் மட்டும் பள்ளமாக இருக்கும், கண்ணாடிச் சட்டத்தில் சாய்ந்த வெளிச்சம் பட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் மூன்று நாட்களாகப் பயந்தேன். நாற்பத்தொன்றுக்கு எதிரே கேள்விக்குறி நன்றாகவே தெரிகிறது. நீல மையில். என் பென்சில் தடத்தின் மேலேயே, வளைவு பிசகாமல், யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் உன் கையெழுத்து: "பார்த்தேன். அனுப்புகிறேன். வத்தலக்குண்டு, காலை 8.10."

மலையிறங்கிய பஸ் டீக்கு நின்றிருக்கும். ஜன்னல் வழியே தாளின் மேல் சாய்வாக வெயில் விழுந்திருக்கும். அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். நீ மதுரைக்குப் போனாய்.

ஒருநாளாவது, "ஏலே, இதை ஏன் அழிச்ச?" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டாய் என்று இப்போது தெரிகிறது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தடவை கேட்டிருக்கிறாய்.

இப்போது வேறு கவலை. இதை மாட்டினால், தெரிந்தே அனுப்பியவன் நீ என்று வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். சிப்பை மட்டும் வை, தாள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவள் கேட்டுக்கொள்வாள்.

பத்துக்குச் சரியாகக் கூப்பிட்டாள்.

"பாத்தீங்களா மாமா? நாப்பத்தொண்ணுல ஒரு கேள்விக்குறி இருக்குல்ல? அப்பா என்னமோ எழுதியிருக்காரு. அதான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். மாட்டலாமா?"

"கேள்வி என்னோடதும்மா. நான் அழிச்சிட்டேன். பதில் உங்க அப்பாவோடது." தாளை மடிக்காமல் உறைக்குள் வைத்தேன். "அப்படியே மாட்டு. எதையும் மறைக்காத."

போனை வைத்துவிட்டு, இதன் முதல் பக்கத்தைத் திருப்பி என் வரிசையைப் பார்த்தேன். மூன்றாவதை அழித்துவிட்டுத் திருத்தத்தான் முதலில் கை போனது. ஆனால் இதை எழுதுவது நீ தந்த பேனாவில். எத்தனையோ ரீஃபில் மாற்றி இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இது ரப்பருக்கு அழியாது. ஆகவே பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன், உன்னைப்போல நேரமும் போட்டு:

பார்த்தேன். மூன்றாவது வரி தவறு. கொடைக்கானல், காலை 10.20.