நாலாம் நம்பர் வண்டி

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை சந்தியா மூவரும் சுகம், செவலைப் பசுவும் அது போன வாரம் போட்ட கிடாரிக் கன்றும்கூடச் சுகம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்து, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்றுதான் என் மனம் நம்புகிறது, அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று பார்ப்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், நடுவிலே கத்துவாய், அப்புறம் லைனை வெட்டிவிடுவாய், போன மாதம் அப்படித்தானே செய்தாய். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நான் சொல்வதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். மேலத்தெரு சின்னதுரை லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறான், அவன் கையில் முறுக்கும் எள்ளுருண்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்து இதையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைத் தின்றுகொண்டே படி, கோபம் வந்தால் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்டா. கள்ளக்குறிச்சி பாரதி என்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னேனே, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்து, எட்டு பேட்டரி சைக்கிள் வாங்கி, வெளியூர்க்காரர்களை ஒரு நாள் முழுக்கக் கல்வராயன் மலையைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறது என்று. நாம் மிதிக்க மிதிக்க மோட்டாரும் கூடவே மிதித்துக் கொடுக்கும், மேடே தெரியாது. அந்த வண்டிகளைத் துடைத்து வைக்கவும் வருகிறவர்களுக்குச் சமைக்கவும்தான் முதலில் என்னைக் கூப்பிட்டது. பாதை பார்க்க ஒருநாள் என்னைக் கூட்டிப்போன பிறகு அதன் எண்ணம் மாறிவிட்டது. இருபது வருஷம் சாமை அறுக்கவும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் அந்த மலை ஏறினவளுக்குப் பாதையை யார் சொல்லித்தர வேண்டும், பால் சொசைட்டிக்குத் தினமும் ஆறு கிலோமீட்டர் கேன் கட்டி சைக்கிள் மிதிக்கிறவளுக்கு வண்டியைத்தான் யார் சொல்லித்தர வேண்டும். நீங்களே வழிகாட்டியாக வாங்கக்கா என்றது. அதை உன்னிடம் ஆசையாகச் சொன்னதற்குத்தான் நீ, "உனுக்கு இன்னா வயசுமா ஆவுது, சுடிதார் மாட்டிக்கினு சைக்கிள்ல ஊர் சுத்தப் போறியா, எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கணுமா, பேசாம வூட்ல இரு" என்று வெட்டிவிட்டாய். அன்று மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன், இப்போது சொன்னால் என்ன. நீ கத்தியது எனக்குப் பெரிதில்லை, கத்துகிற பிள்ளைதானே நீ. என்னை நினைத்து உனக்கு வெட்கமாக இருக்கிறது என்றாயே, அதுதான் தாங்கவில்லை. அப்பாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உனக்குத் தெரியாதா அவரை, டிராக்டரிடம் பேசுகிற அளவுக்குக்கூட என்னிடம் பேசமாட்டார்.

பாரதி ஒரு பேச்சு சொல்லித்தான் வைத்திருந்தது. "விஜயதசமி அன்னிக்கு மொத டிரிப்புக்கா, அன்னிக்கு ஒயுங்கா கூட்டினு போய் வந்துட்டா நீங்கதான் கைடு, சரியா வரலன்னா சமையலோட இருந்துக்குங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று. பிரவீன்குமார் என்று ஒரு தம்பி, இந்த வண்டிக்கென்றே பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்கிறது, அது கூடவே வந்து என்னைப் பார்த்துக்கொள்ளுமாம். நல்ல பிள்ளைதான், ஆனால் காலுக்குக் கீழே இருக்கிற பாதையைக்கூடப் போனில் பார்த்துத்தான் நம்பும். விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை இல்லையா, வண்டிகள் எல்லாம் என் பொறுப்பில் இங்கே ஷெட்டில் நின்றன. ஈரத் துணியில் துடைத்தால் போதும் என்று பாரதி சொல்லியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, டிராக்டரில் இருந்து அரிவாள்மணை வரைக்கும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிற நாளில், புது வண்டிகளைத் துணியால் துடைத்துவிட்டுப் பொட்டு வைத்தால் அது என்ன பூஜை. கிணற்று மோட்டார் பைப்பைப் பிடித்து, அப்பா டிராக்டர் கழுவுகிற மாதிரி எட்டையும் சுழற்றிச் சுழற்றி அடித்தேன். சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ, பொரி, கடலை, எல்லாம் வைத்துச் சூடம் காட்டி, திருஷ்டிப் பூசணிக்காயும் உடைத்தேன். எட்டும் கல்யாணப் பெண் மாதிரி நின்றன, எனக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் காலையில் சந்தியாவின் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தலையில் ஹெல்மெட் மாட்டி நின்றேன். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் பால் வாங்க வந்தவள், "இன்னாடி பாப்பாத்தி இது கோலம்" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டிகளை லோடு வேனில் ஏற்றிக் கரியாலூரில் இறக்கினோம், பாரதி சாப்பாட்டுச் சாமானோடு ஜீப்பில் தார் ரோடு வழியாகச் சுற்றி மேலே போய்விட்டது. வந்தவர்கள் ஆறு பேர், சென்னைக்காரர்கள், ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற ஐந்து பேரும், அவர்களில் அபிநயா என்கிற பெண்ணின் அப்பா நாராயணசாமி என்கிறவரும். அவருக்கு அறுபத்து மூன்று வயது, பிறந்தநாளுக்கு மகள் வற்புறுத்திக் கூட்டிவந்திருக்கிறாள். பெற்றவரைச் சைக்கிளில் ஏற்றிப் பார்க்கிற பிள்ளைகளும் உலகத்தில் இருக்கிறார்கள், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போகும்போது பார்க்க வேண்டுமே, இரண்டு பக்கமும் சாமை முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது, மேகம் நம் முழங்காலுக்கு வந்துவிட்டுப் போகிறது, மழை பெய்து ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. இருபது வருஷம் அந்தப் பாதையில் தரையைப் பார்த்தே நடந்திருக்கிறேன், சுமையோடு நிமிர முடியுமா. அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன், இவ்வளவு அழகாகவா இருந்தது இந்த மலை என்று எனக்கே ஆச்சரியம். இது நெல்லிக்காய்க் காடு, இது கடுக்காய் மரம், இந்த ஓடையில் இந்தக் கல்லுக்கு இடப்பக்கம் வாங்க என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

பத்து கிலோமீட்டர் நல்லபடியாகப் போனது. வேடியப்பன் கொல்லை அடிவாரத்துக்கு வந்ததும் நாராயணசாமி ஐயா ஓட்டிய நாலாம் நம்பர் வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டது. விளக்கு எரியவில்லை, மோட்டார் இல்லை, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் இல்லை. அங்கிருந்து சாப்பாடு காத்திருக்கிற மேட்டுக்குச் செங்குத்தான ஏற்றம், ஜீப் இறங்கிவர வழி கிடையாது. மோட்டார் இல்லாவிட்டால் அது இருபத்தைந்து கிலோ இரும்பு, அவர் மூச்சு ஏற்கெனவே இரைத்தது. "திரும்பிடலாம்க்கா, ரிஸ்க் எடுக்க வேணாம்" என்றது பிரவீன்குமார். திரும்பினால் முதல் டிரிப்பே பாதியில் போயிற்று, நான் சட்டியோடு உட்கார வேண்டியதுதான். அந்த நேரத்தில் உன் குரல்தான்டா காதில் கேட்டது, பேசாம வூட்ல இரு என்று. எனக்கு வந்ததே ஒரு ரோஷம். என் வண்டியை அவருக்குக் கொடுத்தேன், செத்த வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். "உங்களால முடியாதும்மா" என்று அவர் பதறினார். "ஐயா, இதவிட ஜாஸ்தி வெயிட்ட தலைல வெச்சுக்கினு இதே மேட்ட ஏறியிருக்கேன், நீங்க வாங்க" என்றேன்.

பிரவீன்குமார் போனைக் காட்டி, நேராக ஏறினால் எண்ணூறு மீட்டர்தான் என்றது. எனக்குத் தெரியும், அது ஆடு ஏறுகிற வழி, மழைக்கு அப்புறம் கல் எல்லாம் உருளும். கீழ்க் கொல்லையில் பிடுங்கிய கிழங்கை மேலே லாரி நிற்கிற இடத்துக்கு நாங்கள் நேராகச் சுமந்ததே இல்லை. சுமைக்காரப் பெண்களுக்கு வளைந்து வளைந்து ஒரு பாதை உண்டு, தூரம் இரண்டு மடங்கு, ஏற்றம் பாதி. ஒவ்வொரு வளைவிலும் தோள் உயரத்துக்கு ஒரு பாறை இருக்கும், இன்னொருத்தர் கை கொடுக்காமல் மூட்டையை இறக்கி வைக்கலாம். பாறைக்கு வந்தால் நிற்கலாம், உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கால் விட்டுப்போகும், அது எங்கள் சட்டம். "நான் மொதல்ல மேல போய் பாரதிக்கா கிட்ட சொல்றேன்" என்று அந்தத் தம்பி நேர் வழியில் கிளம்பிவிட்டது, மற்ற ஆறு பேரும் என் பின்னால் வந்தார்கள். சின்ன கியரில் போட்டு மிதித்தேன், நின்றும் மிதித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். முதல் பாறையடியில் அபிநயா தொப்பென்று உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று, அதற்கப்புறம் ஒருத்தரும் உட்காரவில்லை. இரண்டாம் பாறையில் எனக்குத் தொடை நடுங்கியது, அந்தப் பாறையில்தான் உன்னை ஆறு மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு மூட்டையை இறக்கிவிட்டு அழுதிருக்கிறேன், அன்றைக்கே ஏறினவள் இன்றைக்கு ஏறமாட்டேனா என்று மறுபடி மிதித்தேன். மூன்றாம் பாறை தாண்டியதும் ஜீப்பின் கூரை தெரிந்தது. அங்கிருந்து காலைக் கீழே ஊன்றாமல் கொல்லை மேட்டில் போய்த்தான் நிறுத்தினேன், சென்னைக்காரர்கள் கையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். பிரவீன்குமார் எங்கே என்று பாரதி கேட்டது. அது நாங்கள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகு, வண்டியைத் தள்ளிக்கொண்டு, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது. பாவம், மஞ்சள் வைத்துவிட்டேன்.

இங்கேதான் கேள். பாரதி நாலாம் நம்பர் வண்டியின் பேட்டரியைக் கழற்றியது, உள்ளே இருந்து அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது, கூடவே கொஞ்சம் சந்தனமும். சார்ஜ் போடுகிற இடத்து ரப்பர் மூடி திறந்து கிடந்திருக்கிறது, நான் பைப்பை அடித்தபோது பார்க்கவில்லை. "ஓடையில தண்ணி ஏறியிருக்கும்க்கா" என்று பிரவீன்குமார் சொன்னது. பேசாமல் இருந்திருக்கலாம், பழி ஓடையோடு போயிருக்கும். ஆனால் இத்தனை தூரம் ஏறிவந்துவிட்டு அந்த இடத்தில் பொய்யா சொல்வேன். "நான்தான்மா பைப்பு வெச்சு குளிப்பாட்டுனேன்" என்றேன். "தொடச்சா போதும்னு சொன்னேனேக்கா" என்றது பாரதி. "அது மத்த நாளைக்குமா, பூஜைக்கு குளிப்பாட்டாம எப்படி பொட்டு வெக்கிறது" என்றேன். போயிற்று வேலை என்றுதான் நினைத்தேன். நாராயணசாமி ஐயாதான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லாரும், கடைசியில் பாரதியும். "வண்டிய சாவடிச்சதும் நீங்கதான், செத்த வண்டிய மலையேத்துனதும் நீங்கதான், உங்கள இன்னாக்கா பண்றது" என்றது. பிறகு எல்லார் முன்னாலும், "அடுத்த வாரத்துலேர்ந்து அக்கா முன்னாடி போகட்டும், பிரவீன் கடைசில வரட்டும், தண்ணி பைப்ப மட்டும் அக்கா தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அன்றைக்கு ருசித்த மாதிரி எனக்கு என்றைக்கும் ருசித்ததில்லை.

சாயங்காலம் ஜீப்பில் இறங்கலாம் என்றார்கள், நான் மாட்டேன் என்றேன். கோமுகி அணை வரைக்கும் இறக்கம்தான், எனக்கு ஒரு வண்டியைக் கொடு என்று வாங்கிக்கொண்டு, ஆறு பேரையும் பின்னால் வைத்துக்கொண்டு நம்மூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தேன். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் அப்பா நின்றார். எனக்குத் திக்கென்றது, உன்னை மாதிரியே இவரும் தலையைக் குனிந்துகொள்வாரோ என்று. டீ மாஸ்டர், யாரது அந்த ஹெல்மெட்டு என்று கேட்டிருக்கிறான். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி, "எம் பொண்டாட்டிடா, மலைக்கு வழி காட்டிட்டு வருது" என்றார். இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வெளியில் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. அந்தக் கூட்டத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சந்தியாவுக்குப் பரீட்சை அடுத்த மாதம், போனில் பேசினால் படிக்கச் சொல், நான் சொன்னால் கேட்கிறதில்லை. ராஜாம்பாள் நேற்று வந்து, அந்தச் சுடிதாரு எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்கிறாள். சனிக்கிழமையானால் எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் வேலை செய்கிற உடம்பு. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, இருந்ததை எல்லாம் அந்த மேட்டில் மிதித்துத் தீர்த்துவிட்டேன். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, உனக்கென்று ஒரு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன், அதே நாலாம் நம்பர், இப்போது நன்றாக ஓடுகிறது. மோட்டாரை நிறுத்தித்தான் தருவேன். மூன்றாம் பாறை வரைக்கும் வந்து காட்டு பார்க்கலாம்.

நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, நீ நூறு வயசு இருக்க வேண்டும், நம் குலசாமி உனக்கு முன்னே முன்னே நடக்கட்டும். சின்னதுரையிடம் ஊறுகாய்ப் பாட்டிலை மறக்காமல் கேட்டு வாங்கு. காகிதத்தோடு ஒரு போட்டோ இருக்கிறது, அபிநயா எடுத்தது, முன்னால் நிற்பது நான்தான். உன் ரூமில் எட்டுப் பேர் என்றாயே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டு. யாரது அந்த ஹெல்மெட்டு என்று கேட்பார்கள். அப்பா சொன்ன சத்தத்தில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. பாப்பாத்தி