கொடியில் காய்ந்த சாட்சி

ஜூன் 9, 2025

இன்றைக்கு நான் யூட்யூபில் வந்துவிட்டேன்!

காலையில் செக்யூரிட்டி வேலைக்குப் போக, பெங்களூர் வண்டிக்காக மாரிக்குப்பம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். சேனல்காரர் ஒருவர் மைக்கை நீட்டி நாகேஷ் கேஸைப் பற்றிக் கேட்டார். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டடித்தவனிடம் வந்து சட்டம் கேட்கிறார்கள், விடுவேனா? "பழைய இரும்புக் கடைக்காரர அடிச்சுக் கொன்னது அவன்தான் சார். பாடி தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணக் கொட்டுன சயனைடு மேட்டு அடியில கெடந்துச்சு. அவன் பேண்ட்லயும் அதே மேட்டு மண்ணு. லேபே சொல்லுது, விஞ்ஞானம் பொய் சொல்லுமா?" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். வீடியோவில் எனக்கு முன்னால் என் தொப்பை வந்து நிற்கிறது. மற்றபடி நல்ல பேச்சுதான்.

ரயிலில் பெட்டி முழுக்க அதே பேச்சு. தினமும் கூட வரும் கிளமெண்ட் மட்டும், "போலீஸே மூணு வருசமா உள்ள வெச்சுகினு முழிக்குது. நீ மூணு நிமிசத்துல தூக்குல போட்டுட்டியேப்பா" என்றான். பொறாமை!

ஜூன் 10

இந்து பார்த்துவிட்டாள்.

என் மகள் கோலாரில் பிரதாப் வக்கீலிடம் ஜூனியர். நாகேஷுக்காக வாதாடுவது அவர்கள்தான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மைக்கைக் கண்டதும் மறந்துபோச்சு, அவ்வளவுதான்.

"நாகேஷோட அம்மா கோவிந்தம்மா ஆபீஸுக்கே வந்து போன்ல காட்டிக் கேக்கறாங்கப்பா, இது உங்க நைனாதானேம்மான்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

சொல்ல என்ன இருக்கிறது. தொப்பையை வைத்தே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஜூன் 11

இந்து என்னோடு பேசவில்லை. என் பெண்டாட்டி மாலா பேசுகிறாள். அது இன்னும் மோசம்.

ஜூன் 24

ரயிலில் சீட்டாட்டமே நின்றுபோனது. ஜன்னல் பக்கம் 'அவன்தான்' கட்சி, தலைவர் நான். வழிப்பக்கம் 'அவனில்லை' கட்சி, கிளமெண்ட். கொலை நடந்த அன்றைக்குச் சாயந்தரம் நாகேஷ் பங்காரப்பேட்டையில் பெயிண்டிங் வேலையில் இருந்தானாம். "அங்க எவனயாச்சும் போய் விசாரிச்சாங்களா உங்க போலீஸ்?" என்று கேட்கிறான். எங்க போலீஸாம்! நான் என்னமோ இன்ஸ்பெக்டர் மாதிரி. பதிலுக்கு, "மண்ணுக்கு இன்னாய்யா பதில் சொல்றே?" என்றேன். ஜன்னல் பக்கம் கைதட்டியது. ஒயிட்ஃபீல்டு வரைக்கும் எனக்கு ஒரே சந்தோஷம்.

இறங்கி நடக்கும்போதுதான் நினைத்தேன்: தீர்ப்பு எதிராக வந்தால் அந்தப் பையனுக்கு ஆயுள். இருபத்தைந்துகூட ஆகவில்லை. நாங்கள் என்னடாவென்றால் கட்சி பிரித்து விளையாடுகிறோம்.

ஜூலை 13, ஞாயிறு

இதை உடனே எழுதியாக வேண்டும்!

காற்று என்றால் காற்று. சயனைடு மேடு கிளம்பி ஊர் முழுக்கப் பறக்கிறது. ஜன்னல் இடுக்கில் எல்லாம் மாலா ஈரத்துணி சொருகியிருந்தாள். என் செக்யூரிட்டி யூனிஃபார்ம் மட்டும் வெளியே கொடியில் கிடந்தது. காயப்போட்டவன் நான்தான், உதவி செய்கிறேன் பேர்வழி என்று. எடுத்து உதறினால் சாம்பல் நிறத்தில் புகை.

மாலா கத்தினாள்: "ஈரத்தோட இந்தக் காத்துல எவனாச்சும் துணி காயப்போடுவானா? இங்கயே பொறந்த ஆளா நீ? இந்த பேண்ட லேபுக்கு அனுப்பு, உன்னையும் புடிச்சுகினு போவட்டும்!"

நான் சிரித்தேன். இந்து சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு மாதமாகப் பேசாதவள் பேசினாள்: "அப்பா... நாகேஷைப் புடிச்ச அன்னிக்கு மழை. பேண்ட் நனஞ்சிருந்துச்சு. மூணாம் நாள்தான் சீல் வெச்சிருக்காங்க. நடுவுல அத எங்க காயவெச்சாங்க?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவனைப் பிடித்ததும் ஆடிக் காற்று மாதத்தில்தான்! பிறந்ததிலிருந்து இந்த மண்ணைத் தின்று வளர்ந்தவன், விஞ்ஞானம் பொய் சொல்லுமா என்று மைக்கில் கேட்டேனே!

இந்து உடனே பிரதாப் வக்கீலுக்குப் போன் போட்டாள். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "இத ரயில்ல போய் ஒளறாதீங்க" என்றாள்.

ஜூலை 14

உளறவில்லை. 'அவன்தான்' கட்சித் தலைவர் ஏன் வாயே திறக்கவில்லை என்று எல்லாருக்கும் ஆச்சரியம். பல்வலி என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 29

வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டுக் கோலார் கோர்ட்டுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் கோவிந்தம்மா. கும்பிட்டேன். அந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

துணியை லேபுக்குக் கொண்டுபோன கான்ஸ்டபிள் கூண்டில் நின்றார். எங்கள் ஊர்க் காற்றை அறியாத வெளியூர்க்காரர், பீதர் பக்கம்; நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். பிரதாப் வக்கீல் அவசரமே படாமல் கேட்டார்: பேண்ட் ஈரமாக இருந்ததா? ஆமாம். ஈரத்தோடு சீல் வைத்தீர்களா? "இல்ல சார், வைக்கக் கூடாது, பூஞ்சை புடிச்சிடும். முறையா காயவெச்சுதான் வெச்சோம்" என்றார் பெருமையாக. எங்கே காயவைத்தீர்கள்? "ஸ்டேஷன் பின்னாடி, கொடியில."

எத்தனை நாள்? இரண்டு நாள். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து, ஒத்துப்பார்க்க லேபுக்கு அனுப்பினீர்களா? இல்லை.

கோர்ட்டில் இருந்த நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் குபீரென்று சிரித்துவிட்டோம். ஜட்ஜ் அதட்டினார். அதட்டிவிட்டுக் குனிந்து நிறைய எழுதினார். கூண்டிலிருந்தவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்றே புரியவில்லை. பாவம், ஒழுங்காக வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கோவிந்தம்மா என் கையைப் பிடித்து, "இன்னாங்க ஆச்சு? நல்லதுக்கா?" என்றார். "நல்லதுக்குத்தாம்மா" என்றேன்.

ஜூலை 31

கொடி, கொடி, எல்லாச் சேனலிலும் கொடி! ரயிலில் ஜன்னல் பக்கமே காலி. மொத்தப் பேரும் கிளமெண்ட் கட்சி. "தலைவரே, பல்வலி போச்சா?" என்கிறான். போச்சுடா சாமி. மைக் ஒன்று மறுபடி வந்தது. பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

செப்டம்பர் 18

விடுதலை!! இந்து போனில் அழுதாள், நானும் கேட்டைத் திறந்துவிட்டபடியே அழுதேன். கார்க்காரர் பயந்துபோனார்.

செப்டம்பர் 22

அதற்குள் அடுத்த பேச்சு: "சந்தேகத்தின் பலன்தானே குடுத்தாங்க, நல்லவன்னா சொன்னாங்க?" ரயிலில் ஒருவன் கேட்டான். அப்படியானால் கொன்றது யார் என்று வேறு கேட்டான். மூன்று வருஷம் ஒருத்தனையே பிடித்து வைத்துக்கொண்டு வேறு யாரையும் தேடவே இல்லையே! கத்தோ கத்தென்று கத்தினேன். கிளமெண்ட்தான் உட்கார வைத்தான்.

வீட்டில் கோவிந்தம்மா காத்திருந்தார். நாகேஷுக்கு இங்கே எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஒருத்தரும் வேலை தரவில்லையாம்.

அக்டோபர் 6

போன வாரம் நாகேஷுக்கும் செக்யூரிட்டி வேலை கேட்டபோது எங்கள் சூப்பர்வைசர் கேட்டார்: "யாரு, அந்த மர்டர் கேஸா?" "எனக்குத் தெரிஞ்ச பையன் சார். நான் பொறுப்பு" என்றேன். எனக்கே நான் பொறுப்பில்லை, அது வேறு விஷயம்.

இன்று சாயந்தரம் என்னை ரிலீவ் பண்ண நாகேஷ் வந்தான். யூனிஃபார்ம் தொளதொளவென்று இருந்தது. ஊருக்குப் போன ஃபிளாட்காரர்கள் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன வீட்டுச் சாவிகள் எல்லாம் ஒரே கொத்தில் இருக்கும். அதை அவன் கையில் கொடுத்தேன். அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வண்டிக்கு நேரமாச்சுப்பா" என்று ஓடிவந்துவிட்டேன்.