நீ போடாத கையெழுத்து

எலவனாசூர்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் உன் ஆஸ்பத்திரி வேலையும் உடம்பும் நல்லபடியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால் எழுதுகிறேன்.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மூன்றுக்கும் பொதுவாக நம் பக்கம் விமான நிலையம் வரப்போகிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் போன மாதம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நம் தெருவில் முப்பத்தெட்டு வீடும் புறம்போக்கில் இருக்கிறது, எங்களுக்கு எங்கே இடம் தருவீர்கள் என்று கேட்கத்தான் கரும்பு வெட்டுக்குக்கூடப் போகாமல் போனேன். ஆனால் மூன்று ஊர்ப் பெரிய மனிதர்களும் விமான நிலையப் பலகையில் எந்த ஊர்ப் பெயர் முதலில் வரவேண்டும் என்று மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டார்கள், ஒருவர் நாற்காலியையே தூக்கிவிட்டார், பிறகு பிரியாணி வந்ததும் அதே ஆட்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். பேச எழுந்த என்னை, பட்டா கீறவங்க மட்டும் பேசுங்க என்று உட்காரவைத்துவிட்டார்கள். வந்தவர் கணக்குக்கு என்று வாசலில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினது உன் சித்தப்பா கவியரசன்தான்.

போன செவ்வாய்க்கிழமை நிலம் அளக்க வந்த அதிகாரி, வீட்டைக் காலி செய்ய நீங்கள் எல்லோரும் சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றார். காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். மேலே புதிதாக டைப் அடித்த தாள், கீழே வாசலில் நாங்கள் போட்ட கையெழுத்து. ரேஷன் கார்டில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் சம்மதம் என்று காட்டுவதற்காக, வராதவர்கள் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். என் பெயருக்குக் கீழே உன் கையெழுத்து, அதுவும் தமிழ்மொளி என்று. அது யார் எழுத்து என்று எனக்குத் தெரியாதா, கவியரசனுக்குக் கையைப் பிடித்து அ ஆ எழுதப் பழக்கினவன் நான். எம் பொண்ணு ரெண்டு வருஷமா மஸ்கட்ல கீது சார், அது எப்டி வந்து கையெழுத்து போட்டுச்சு என்று கேட்டேன். அப்படியானால் இருபதாம் தேதிக்குள் ஆதாரம் கொண்டாங்க என்றார். அன்றைக்கு அளவெடுப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலமே கவியரசன் வந்தான். விமான நிலையத்துக்கு மண் அடிக்கிற காண்ட்ராக்ட் தருவதாக அவனுக்கு யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். முகத்தில் வெட்கம் கொஞ்சமாவது இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. இன்னாண்ணா, ஒரு கையெழுத்துக்குப் போயி இவ்ளோ பேசிக்கினு கீற, ஏர்போர்ட் வந்தா தமிழு நேரா இங்கயே வந்து எறங்கும்ல என்றான். எறங்கி எந்த வூட்டுக்குடா வரும் என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான், அம்மா அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நீ செய்யவேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தை நகல் எடுத்து, நான் கையெழுத்துப் போடவில்லை என்று உன் கையாலேயே ஒரு கடிதமும் எழுதி, இருபதாம் தேதிக்குள் வந்து சேரும்படி அனுப்பு, போனில் படம் அனுப்பினால் செல்லாதாம். அது வந்தால் சித்தப்பா மேல் கேஸ் ஆகும் என்கிறார்கள். எனக்கும் அது தெரியும். அவன் உள்ளே போனால் அவன் பிள்ளைகளுக்கு நாம்தான் சோறு போடவேண்டும், போடுகிறேன். நீ தாளை அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு, டூட்டிக்கு நடுவில் தண்ணீர் குடிக்க மறக்காதே. எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்கவேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் அப்பா,
கொளஞ்சியப்பன்.