பத்து ரூபாய்க் காசு

மாப்ள,

இன்று காலை நாகமலை புதுக்கோட்டையில் என் ஆட்டோவிலிருந்து இறங்கிய பிள்ளை, பத்து ரூபாய்க் காசுகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றது. "அண்ணே, காயின்தான் இருக்கு. வாங்குவீங்களா?" காசு கொடுப்பவள் ஏன் கூனிக் குறுக வேண்டும்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிள்ளை மேல் இல்லை, ஊர் மேல்.

எவன் கிளப்பிவிட்டானோ, அந்தக் காசு செல்லாது என்று ஊரே நம்பியது. மளிகைக் கடையிலும் வாங்கவில்லை, பஸ்ஸிலும் வாங்கவில்லை. உன் டீக்கடையில் மட்டும் வாங்கினாய். கண்டவனும் கொண்டுவந்து உன்னிடம் தள்ளினான். "ஏன்டா இளிச்சவாயா" என்று நான் திட்டினால், "கவர்மெண்டு அடிச்ச காச வேணாம்னு சொல்ல நான் யாரு மாப்ள?" என்று சிரிப்பாய். மகளின் நர்சிங் படிப்புக்கென்று பழைய பால் கேனில் சேர்த்தாய். திடீரென்று ஒரு நாள் நீயே போய்விட்டாய். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள், உன் மனைவி அந்தக் கேனை என் ஆட்டோவில் ஏற்றினாள். "நோட்டா மாத்திக் குடுங்கண்ணே."

உன் கடைக்கு எதிரே இருக்கிற வங்கிக்குத்தான் போனேன். கேஷியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இம்புட்டையும் எண்ண ஆள் இல்ல. நாளைக்கு வாங்க." வாசலில் ஒருவன் நூற்றுக்குத் தொண்ணூறு தருகிறேன் என்று பேரம் பேசினான். செத்தவன் உழைப்பில் இவனுக்குப் பங்கு! திரும்ப உள்ளே போய்க் கேனைக் கவுண்டர் முன்னால் கவிழ்த்தேன்.

"தெனமும் எதுத்த கடையில டீ குடிச்சிட்டு எந்தக் காச சார் குடுத்தீங்க? வேற எவனும் வாங்கலன்னுதான அவன்ட்ட தள்ளுனீங்க? குடுக்கையில செல்லுச்சு, வாங்கையில கசக்குதோ?"

கேஷியர் காசுகளை அள்ளி எண்ணினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. போகட்டும், ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

இப்போது கடையைப் பார்ப்பது உன் மனைவிதான். இன்று சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டிருக்கையில் அதே கேஷியர் வந்து, கூச்சமே இல்லாமல் பத்து ரூபாய்க் காசை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எண்ண ஆள் இல்ல சார். நாளைக்கு வாங்க."

மனிதர் முகம் சுண்டிப்போய் நோட்டைத் தேடினார். அவள் அந்தக் காசையே எடுத்துக் கேனில் போட்டாள். "அவரு இருந்தா வாங்கிருப்பாருண்ணே" என்றாள் என்னிடம்.

வாங்கியிருப்பாய்தான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை, மாப்ள. காலையில் அந்தப் பிள்ளை கொடுத்த காசு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நாளை பெட்ரோல் போடும்போது நீட்டுவேன். செல்லாது என்று எவனாவது சொல்லிப் பார்க்கட்டும்.